டெர்னா அணை உடைப்பு மாடல்: வண்டலைச் சேர்த்ததும் தெருவில் 18 மீட்டர் பள்ளம், எங்கே தப்பு?

வரப்புநண்டு கேட்டது:

லிபியாவின் டெர்னா நகரில் 2023 செப்டம்பர் 10-11 இரவு நடந்த அணை உடைப்பை ஹெக்-ராஸ் 2டி என்ற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெறும் தண்ணீராக ஓட்டினால் ரன் ஒழுங்காக முடிகிறது. வண்டல் கணக்கைச் சேர்த்ததும்தான் வினை.

மேல் அணை அபு மன்சூர்: 74 மீ உயரம், 2.25 கோடி கனமீட்டர். கீழ் அணை: 45 மீ, 15 லட்சம் கனமீட்டர், நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் வறண்ட காட்டாற்றுப் பள்ளத்தாக்கு. நில உயரத்துக்குக் கோப்பர்நிக்கஸ் 30 மீ தரவு. மாடல் தரையைப் பிரிக்கும் கட்டம், அதாவது செல், பள்ளத்தாக்கில் 20 மீ, நகரில் 5 மீ; கணக்கின் காலப்படி (டைம்ஸ்டெப்) 1 வினாடி. தரையின் சொரசொரப்பைச் சொல்லும் மேன்னிங் எண் (n) ஆற்றில் 0.035, வீடுகள் உள்ள பகுதியில் 0.1. சாலைகளை அரிக்காத தரையாகக் குறித்திருக்கிறேன். படுகைக் கல் 20 மிமீ, வண்டல் நகர்வுக்கான சூத்திரம் மேயர்-பீட்டர் முல்லர். மேல் எல்லையில் உடைப்பு ஹைட்ரோகிராஃப் (நேரத்துக்கு நேரம் வரும் நீரின் அளவு), வண்டல் சுழியம். வடக்கே கடலோர எல்லையில் நார்மல் டெப்த், அதாவது சரிவிலிருந்து நீர்மட்டத்தைக் கணக்கிடும் முறை.

விளைவு: தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் செல்களில் 18 மீ வரை பள்ளம். வீட்டு வரிசைகளுக்கு அடியிலும் தோண்டுகிறது. அலைமுகம் தெருக்களுக்குள் நுழையும் நேரத்தில் சில ரன்கள் நின்றே போகின்றன. செல்லை 2.5 மீட்டராகக் குறைத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. கல் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. மண் மாதிரித் தரவு கிடைக்காமல் இதைச் சரிசெய்யவே முடியாதா?

---

மதகுக்கதவு:

மண் தரவு வந்தாலும் இந்தப் பள்ளம் மூடாது. ஒரு கைக்கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும்.

ஆழம் 8 மீ, வேகம் வினாடிக்கு 8 மீ, மேன்னிங் 0.035 என்று எடுங்கள். தரை இழுவிசை = 9810 × n² × v² ÷ h^(1/3) = 9810 × 0.001225 × 64 ÷ 2, அதாவது சுமார் 385 பாஸ்கல். ஷீல்ட்ஸ் எண், அதாவது கல்லின் எடையோடு ஒப்பிட்ட இழுவிசை, 20 மிமீ கல்லுக்கு 385 ÷ (1650 × 9.81 × 0.02) = 1.2. இதை உங்கள் சூத்திரத்தில் போட்டால் ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 0.11 கனமீட்டர் கல் உருளும். கல் அளவை 2 மிமீ ஆக்குங்கள், ஷீல்ட்ஸ் எண் 12 ஆகிறது, ஆனால் உருளும் அளவு 0.12-ஐத் தாண்டாது. ஷீல்ட்ஸ் எண் இவ்வளவு ஏறிவிட்டால் அந்தச் சூத்திரத்தில் கல் அளவு கிட்டத்தட்ட அடிபட்டுப் போய்விடும். நீங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தும் வித்தியாசம் தெரியாதது அதனால்தான்.

இப்போது பள்ளத்துக்கு வருவோம். தார்ச்சாலை செல்லிலிருந்து வரும் வண்டல் சுழியம். அடுத்த 5 மீ மண் செல்லோ, வெளியே போக வேண்டிய 0.11-ஐ முழுக்கத் தன் வயிற்றிலிருந்தே கக்க வேண்டும். 0.11 ÷ (5 × 0.6) = வினாடிக்கு 3.7 செமீ. 0.6 என்பது மண்ணில் இடைவெளி 40 சதவீதம் போக மிச்சம். நிமிடத்துக்கு 2.2 மீ. எட்டு நிமிடத்தில் உங்கள் 18 மீ வந்தாயிற்று. செல்லைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பாகும். மெஷ்ஷை நுணுக்க நுணுக்கப் பள்ளம் ஆழமானால் அது இயற்கை தோண்டிய பள்ளம் இல்லை, கணக்கு தோண்டியது.

ஒரு செல் தாண்டியதும் ஓட்டம் தன் முழுக் கொள்திறனுக்கு வண்டலைத் தூக்கிவிடும் என்று மாடல் நினைக்கிறது. நிஜத்தில் அதற்குத் தூரம் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் அடாப்டேஷன் நீளம் என்ற அளவு இருக்கிறது. உருளும் கல்லுக்கு 50, 100, 200 மீ என்று மூன்று ரன் ஓட்டிப் பாருங்கள், பள்ளத்தின் ஆழம் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். மிதந்து போகும் நுண்மணலுக்கு அது ஆழம் × வேகம் ÷ படியும் வேகம்: 0.2 மிமீ மணல் நீரில் வினாடிக்கு 2.5 செமீ போலப் படியும், 64 ÷ 0.025 = 2,560 மீ. அணையடியில் தூக்கிய நுண்மணல் நகரத்தில் அவ்வளவாக நிற்காமல் கடலுக்கே போய்விடும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். 0.11-ஐ ஒரு மீட்டர் அகலத்தில் ஓடும் நீரான 64-ஆல் (8 × 8) வகுத்தால் 0.17 சதவீதம். அந்த வெள்ளத்தை அந்த அளவு வண்டலோடு பார்த்தால் தெளிந்த தண்ணீர் என்றே சொல்லலாம். ஆக உங்கள் மாடல் மொத்தத்தில் வண்டலைக் குறைத்துச் சொல்கிறது, ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறித் தோண்டுகிறது. மேயர்-பீட்டர் முல்லர் உருளும் கல்லுக்கு மட்டுமான சூத்திரம். அதற்கு அடிப்படையான சோதனைகளில் பெரும்பாலானவை ஷீல்ட்ஸ் எண் 0.25-க்குக் கீழே. நீங்கள் 1.2-இல் நிற்கிறீர்கள். மிதந்து போகும் வண்டலையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்தச் சுமைச் சூத்திரத்துக்கு மாறுங்கள், கல் அளவையும் ஒற்றை எண்ணாக வைக்காமல் நாலைந்து வகுப்பாகப் பிரியுங்கள்.

வீடுகளுக்கு அடியில் தோண்டுவது வேறு கதை. மேன்னிங் 0.1 போட்டிருக்கிறீர்கள். இழுவிசை n²-ஐப் பொறுத்தது: (0.1 ÷ 0.035)² = 8. அந்த எட்டு மடங்கு தடை சுவர்மேல் விழுவது, மண்மேல் விழுவதில்லை. மாடலுக்கு அது தெரியாது, மொத்தத்தையும் மண்ணின் தலையில் கட்டிவிடும். வண்டல் கணக்குக்குத் தானிய உரசலை (மணல், கல் மணிகளின் உரசலை) மட்டும் பிரித்துக் கொடுங்கள்: n = d90^(1/6) ÷ 26. d90 என்பது 90 சதவீதக் கல் அதைவிடச் சிறிதாக இருக்கும் அளவு, மீட்டரில். 50 மிமீ கல்லுக்கு இது 0.023 வரும்.

ரன் நிற்பதற்குக் காரணம் அலைமுகத்தில் இருக்கிறது. ஆழம் வெறும் 2 செமீ, வேகம் 3 மீ இருக்கும் செல்லில் அதே சூத்திரத்தைப் போடுங்கள்: 399 பாஸ்கல். எட்டு மீட்டர் வெள்ளத்துக்கு வந்ததைவிட அதிகம்! ஆழம் 5 செமீக்குக் கீழே அரிப்பை நிறுத்தி வையுங்கள். டைம்ஸ்டெப்பும் பெரிது. வேகம் 10, அலை வேகம் 9, சேர்த்து 19 மீ. 5 மீ செல்லில் 1 வினாடி என்றால் கோரண்ட் எண் (ஒரு டைம்ஸ்டெப்பில் அலை எத்தனை செல் தாண்டுகிறது என்பது) நாலுக்குப் பக்கம். 0.25 வினாடிக்கு இறங்குங்கள், ஓட்டச் சமன்பாடும் எளிமையாக்கிய டிஃப்யூஷன் வேவ் வகையாக இல்லாமல் முழு மொமென்டமாக இருக்கட்டும்.

---

படித்துறை:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் மேல் எல்லையைப் பிடிக்கிறேன். வண்டல் சுழியம் என்று எப்படிப் போட்டீர்கள்? உடைந்தது மண்ணும் கல்லும் கொட்டிக் கட்டிய அணை. முதல் வண்டலே அதுதான்.

அணை உடைப்புக்கான ஃப்ரோலிக்கின் 2008 சூத்திரத்தில், மேலே வழிந்து உடைந்ததாக வைத்தால்:

சராசரி அகலம் = 0.27 × 1.3 × V^0.32 × h^0.04 = 94 மீ
உடையும் நேரம் = 63.2 × √(V ÷ (9.81 × h²)) = 1,290 வினாடி, சுமார் 21 நிமிடம்

V நீர்த்தேக்கக் கொள்ளளவு, கனமீட்டரில்; h அணையின் உயரம், மீட்டரில். உச்ச ஓட்டத்துக்கு அவருடைய 1995 சூத்திரம், 0.607 × V^0.295 × h^1.24: வினாடிக்கு 18,600 கனமீட்டர். முக்கோண ஹைட்ரோகிராஃபாக எடுத்தால் 2.25 கோடி வடிய 40 நிமிடம். உங்கள் ஹைட்ரோகிராஃபுக்குக் கீழே உள்ள பரப்பு நீர்த்தேக்கக் கொள்ளளவோடும் மழை வரத்தோடும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு சோதனையில் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

இப்போது அணையின் உடல். அதன் குறுக்குவெட்டு வரைபடம் கிடைக்கும்வரை, இருபுறச் சரிவும் 1:2, மேல் அகலம் 10 மீ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பரப்பு 74 × (10 + 148) = 11,700 சதுரமீட்டர். 94 மீ அகலத்துக்கு 11 லட்சம் கனமீட்டர். இடைவெளி 30 சதவீதம் கழித்தால் திடப்பொருள் 7.7 லட்சம். மொத்த நீரோடு ஒப்பிட்டால் 3.4 சதவீதம். உருளும் கல்லுக்கு வந்த 0.17-க்கு இருபது மடங்கு! இதை ஹைட்ரோகிராஃப் முழுவதும் சமமாகத் தூவாதீர்கள். உடைப்பு விரியும் அந்த 21 நிமிடத்துக்குள் கொட்டுங்கள், உச்சத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒன்றும் வராது.

மழையையும் விட்டுவிட வேண்டாம். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த டேனியல் புயலில் அல்-பைதா நகரில் 24 மணி நேரத்தில் 414 மிமீ பதிவானது. டெர்னா ஆற்றின் நீர்ப்பிடிப்பு சுமார் 575 சதுர கிமீ. 10 மிமீ வழிந்தோடினாலே 57.5 லட்சம் கனமீட்டர். பிடிப்பு முழுவதும் 40 மிமீ வழிந்தால் அபு மன்சூர் கொள்ளளவு அளவுக்குத் தண்ணீர் வந்துவிடும். அணை உடையும்போதும் வரத்து நின்றிருக்காது.

கீழ் அணைக்கு இதே சூத்திரங்கள் 9 நிமிடம், 4,500 கனமீட்டர் என்று சொல்லும். ஆனால் அது தனியாக உடைந்தால்தான் அந்தக் கணக்கு. 18,600 வந்து மோதும்போது அதன் சொந்த 15 லட்சம் ஒரு பொருட்டே இல்லை, மேலதில் பதினைந்தில் ஒரு பங்கு. அது எப்போது உடைந்தது என்பது நகரத்தில் முதல் தண்ணீர் வரும் நேரத்தை மாற்றும், உச்சத்தை அதிகம் மாற்றாது. மேல் அலை வருவதற்கு முன்பே உடைந்தது, அலையோடு உடைந்தது என்று இரண்டு ரன் போதும்.

---

அத்திக்காய்:

ஒரே கேள்வி. எதற்கு இந்த மாடல்? எந்தத் தெரு முங்கும், எப்போது முங்கும் என்ற வரைபடம்தான் வேண்டுமென்றால் வண்டலே வேண்டாம். ஹைட்ரோகிராஃபைப் பெருக்கிவிட்டால் தீர்ந்தது: வண்டல் கனஅளவில் 20 சதவீதம் என்றால் 1 ÷ (1 − 0.2) = 1.25 மடங்கு. உடைப்பு நேரத்தைப் பாதியாக்கினால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆறு மாதம் உட்கார்ந்து வண்டலைக் கட்டி அழுவானேன்?

---

நெட்டாங்கு:

அத்திக்காய் சொல்வது வரைபடத்துக்குச் சரி, ஆனால் டெர்னாவுக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே ஆற்றின் இரு கரையிலும் கட்டடங்கள் வரிசையாகவே காணாமல் போயின, பாலங்கள் போயின, ஊர் நடுவே ஓடிய ஆறு அகன்றுவிட்டது. கரை அகன்றால் நீர்மட்டம் இறங்கும், கல்லும் இடிபாடும் படிந்தால் ஏறும். 1.25-ஆல் பெருக்கினால் இரண்டில் எதுவும் வராது. கட்டடமும் மண்ணும் சேர்ந்துதான் அங்கே வெள்ளத்தின் வழியைத் தீர்மானித்தன.

கேட்டவருக்கு: உங்கள் தரவில் கட்டடம் இரண்டு தடவை நுழைந்திருக்கிறது. கோப்பர்நிக்கஸ் 30 மீ என்பது 2011-2015 ராடார் அளவீட்டில் வந்த மேற்பரப்பு, தரை இல்லை. வீட்டுக் கூரையும் மரமும் அதிலேயே மேடாகக் கலந்திருக்கும். அந்த மேட்டின்மேல் 0.1 மேன்னிங்கையும் போட்டால் ஒரே சுவருக்கு இருமுறை வரி கட்டுகிறீர்கள். கட்டடமும் மரமும் நீக்கிய ஃபேப்டெம் பதிப்பை எடுத்து, ஆற்றுத் தடத்தைக் கையால் வெட்டி இறக்குங்கள். 30 மீ தரவின்மேல் 5 மீ செல் போட்டால் மெஷ்தான் நுணுக்கமாகும், தரை நுணுக்கமாகாது. உயரத்தில் 4 மீ வரை பிழை இருக்கலாம் என்று தரவு தருபவர்களே சொல்கிறார்கள்.

கட்டடத்தைக் காட்ட என் பரிந்துரை: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உள்ள கட்டட எல்லைகளை எடுத்து, ஆற்றின் இரு பக்கமும் 300 மீட்டருக்குள் இருப்பவற்றை மெஷ்ஷில் ஓட்டையாக வெட்டுங்கள். அதற்கு அப்பால் கூட்டிய மேன்னிங் போதும். ஓட்டை முறைக்குத் தெருவின் குறுக்கே குறைந்தது நாலு செல் வேண்டும். 8 மீ தெருவுக்கு 2 மீ செல், டைம்ஸ்டெப் 0.1 வினாடி. நகரம் முழுக்க இதைச் செய்தால் கம்ப்யூட்டர் புகையும்.

பிறகு இரண்டு ரன். முதலாவதில் எல்லாக் கட்டடமும் நிற்கும். அதில் ஆழம் × வேகம் 7-ஐத் தொட்டு, வேகமும் 2 மீட்டருக்குக் குறையாத கட்டடங்களைப் பட்டியல் எடுங்கள். செங்கல், கல், கான்கிரீட் வீட்டுக்கு முழுச் சேதம் என்பதற்குப் பின்லாந்தின் ரெஸ்க்டாம் திட்டம் சொன்ன எல்லை அது. 3 முதல் 7 வரை பகுதிச் சேதம். 7-ஐத் தொட்டவற்றை நீக்கி, அந்த இடத்தை இடிபாடு நிறைந்த அரிக்கக்கூடிய தரையாக்கி இரண்டாவது ரன். நீக்கியதும் பின்வரிசையில் எண் ஏறும், அதனால் பட்டியல் மாறாமல் நிற்கும்வரை மூன்று நாலு சுற்று போக வேண்டியிருக்கும். முதல் ரன் தெருவில் வேகத்தைக் கூட்டிச் சொல்லும், கடைசி ரன் பின்வரிசைச் சேதத்தைக் கூட்டிச் சொல்லும். உண்மை நடுவில் எங்கோ.

பாலங்களை மறக்காதீர்கள். கண் பாதி அடைத்தது, முழுக்க அடைத்தது, பாலமே இல்லை என்று மூன்றும் பாருங்கள். அடைத்த பாலம் தண்ணீரைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பும், வண்டல் அங்கேதான் படியும்.

---

வரப்புநண்டு:

நன்றி, எல்லோருக்கும். தானிய உரசலைப் பிரித்து, அடாப்டேஷன் நீளம் 100 மீ, 5 செமீ எல்லை, 0.25 வினாடி எல்லாம் போட்டேன். ரன் நிற்பது போய்விட்டது, வீட்டுக்கு அடியில் தோண்டுவதும் போய்விட்டது. சாலை ஓரப் பள்ளம் 5 மீட்டருக்குள் வந்துவிட்டது. ஆனால் கடலோரத்தில் எல்லைச் செல்களில் ஆளுயரத்துக்கு மேல் வண்டல் குவிகிறது. மொத்தக் கணக்கும் நேராகவில்லை: அரித்ததும் உள்ளே வந்ததும் ஒரு பக்கம், படிந்ததும் வெளியேறியதும் மறுபக்கம், 40 சதவீதம் உதைக்கிறது. அத்திக்காய்க்கு: கட்டடச் சேதம்தான் என் கேள்வி, அதனால் வண்டல் வேண்டும்.

---

அத்திக்காய்:

அப்படியென்றால் சரி, வாபஸ்.

---

மதகுக்கதவு:

40 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வருகிறது. அரிப்பையும் படிவையும் படுகைக் கனஅளவாக, அதாவது இடைவெளியோடு எடுத்து, உள்ளே வந்ததையும் வெளியேறியதையும் திடக் கனஅளவாகக் கூட்டியிருப்பீர்கள். படுகை மாற்றத்தை 0.6-ஆல் பெருக்கிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். கடைசி நொடியில் நீரில் மிதந்துகொண்டிருப்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். டன் கணக்கில் செய்தால் இந்தக் குழப்பமே வராது. அதற்குப் பிறகும் 1 சதவீதத்துக்கு மேல் பிழை இருந்தால்தான் மாடலைச் சந்தேகிக்கணும்.

கடலில் நார்மல் டெப்த் போடவே கூடாது. அங்கே மட்டத்தை வைத்திருப்பது கடல், சரிவு கிடையாது. மெஷ்ஷைக் குறைந்தது 1 கிமீ கடலுக்குள் நீட்டி, கடலடி ஆழத்தைக் கொடுத்து, அந்த எல்லையில் கடல்மட்டத்தை வையுங்கள். புயல் இரவு என்பதால் அரை மீட்டர் கூட்டியும் ஒரு ரன் பாருங்கள். குவியல் அப்போது முகத்துவாரத்துக்கு வெளியே விசிறிபோல் விரியும்.

படுகை மாற்றத்தை வேகப்படுத்தும் பெருக்கி சில மென்பொருள்களில் உண்டு, டெல்ஃப்ட்3டி-யில் மார்ஃபேக் என்பார்கள். வருடக் கணக்கில் மெல்ல மாறும் ஆற்றுக்கானது அது. இங்கே 1-ஐத் தவிர எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் மீட்டர் கணக்கில் படுகை இறங்கும் இடத்தில், முதலில் நீர், பிறகு படுகை என்று மாறிமாறிக் கணக்கிடுவதே சற்று இழுபறிதான். டைம்ஸ்டெப்பைப் பாதியாக்கியும் பள்ளம் மாறவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். மாறினால், நீரும் மண்ணும் ஒரே அடியில் தீர்க்கும் நிரலுக்குப் போக வேண்டும்.

செறிவையும் வரைபடமாக எடுங்கள். கனஅளவில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை தண்ணீர் தண்ணீர்தான். 20-இலிருந்து 45 வரை போகும் இடங்களில் சேற்று வெள்ளம். ஹெக்-ராஸின் நியூட்டனியமல்லாத (சேறுபோல் தடித்த) ஓட்டத் தெரிவை அங்கே இயக்கிப் பாருங்கள். 20 சதவீதத்தில் கலவையின் அடர்த்தி 1,330 கிலோ. சுவர்மேல் விழும் விசையும் மூன்றில் ஒரு பங்கு ஏறும். கட்டடச் சேதம்தான் கேள்வி என்றால் ரெஸ்க்டாம் எல்லையையும் அந்த இடங்களில் அதற்கேற்பக் குறைத்து ஒரு முறை பாருங்கள்.

---

படித்துறை:

சரிபார்க்க ஆசைப்பட்டால் டெர்னாவில் நேரடியாக இறங்க வேண்டாம். 1959 டிசம்பர் 2-இல் பிரான்சில் உடைந்த மால்பாசே அணையின் தரவு டெலிமேக் என்ற வெள்ள மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. வழியில் இருந்த மூன்று மின்மாற்றிகள் அணைந்த நேரம் அதில் உண்டு: 100, 1,240, 1,420 வினாடி. தண்ணீர் மட்டும் ஓட்டி இவற்றுக்குப் பக்கத்தில் வருகிறீர்களா பாருங்கள். தெருக்களுக்கு, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகச் சோதனை: 30 செமீ பெட்டிகள் 5 × 5, இடையே 10 செமீ தெரு, 40 செமீ தண்ணீர். அரிக்கும் படுகைக்கு அதே ஊரின் இன்னொரு சோதனை, 25 செமீ வாய்க்கால் திடீரென 50 செமீ ஆக விரியும். விரியும் மூலையில் பள்ளம், எதிர்ச் சுவரோரம் மேடு. உங்கள் தெருமுனையிலும் நடப்பது அதுவேதான். பள்ளத்தின் இடம் சரியாக வந்து ஆழம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, இடமே மாறினால் மெஷ்ஷைப் பாருங்கள்.

டெர்னாவில் ஒப்பிட, வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் இடிந்த கட்டடங்களின் எல்லை, ஆற்றின் புதுக் கரை, கடற்கரைக் கோடு மூன்றையும் எடுங்கள். கறை உயரம் சுவரில் கிடைத்தால் அது வெள்ளத்தின் உச்சம், படிவின் உச்சமில்லை. வண்டல் தடிமனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.